ஒரே 24 போர்ட், மூன்று மடங்கு விலை வித்தியாசம்... ஆபீஸுக்கு எந்த பிராண்ட் நெட்வொர்க் சுவிட்ச் வாங்கலாம்?

மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது. மூன்றிலும் '24 போர்ட் கிகாபிட் சுவிட்ச்' என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் ஒன்றின் விலை இன்னொன்றைப் போல மூன்று மடங்கு. கேட்டால், "சார், இது சிஸ்கோ" என்கிறார் ஒரு டீலர். "எதுக்கு சார் அவ்வளவு செலவு? இதுவும் அதே வேலையைத்தான் செய்யும்" என்கிறார் இன்னொருவர். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. சிக்கலே அங்கேதான்.

பனியன் கம்பெனியோ, ஸ்கேன் சென்டரோ, பள்ளியோ, இருபது பேர் உட்காரும் ஆடிட்டர் ஆபீஸோ எதுவாக இருந்தாலும் பில்லிங், டேலி, சிசிடிவி, வைஃபை, ஐபி போன் எல்லாம் இன்று அந்த ஒரு பெட்டி வழியாகத்தான் ஓடுகின்றன. அது நின்றால் யூடியூப் மட்டும் நிற்காது, பில் போட முடியாது. அதனால் பிராண்டை ஒப்பிடுவதற்கு முன், எதை ஒப்பிட வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வது முக்கியம்.

சுவிட்ச் என்ன செய்கிறது?

ரவுட்டர் என்பது வெளி உலகத்துக்கான வாசல். சுவிட்ச் என்பது வீட்டுக்குள் இருக்கும் தபால்காரர். அக்கவுண்ட்ஸ் கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்டருக்குப் போக வேண்டிய தகவலை பிரிண்டர் இருக்கும் போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். பழைய 'ஹப்' இருந்த காலத்தில் ஒருவர் அனுப்பியது எல்லோருக்கும் போகும். பத்து பேர் ஒரே நேரத்தில் பேசும் கல்யாண வீடு மாதிரி இருக்கும்.

இதை மாற்றியது 1990-ல் வந்த 'ஈதர்சுவிட்ச்'. உலகின் முதல் ஈதர்நெட் சுவிட்ச் என்று சொல்லப்படும் அதில் இருந்தவை 7 போர்ட்கள்தான். அதைத் தயாரித்த அமெரிக்க நிறுவனத்தின் பெயர் என்ன தெரியுமா? கல்பனா! அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வினோத் பரத்வாஜ். 1994-ல் அந்த நிறுவனத்தை சிஸ்கோ வாங்கிக்கொண்டது. இன்று 'சுவிட்ச்னா சிஸ்கோ' என்று சொல்லும் அளவுக்கு அந்த நிறுவனம் வளர்ந்ததற்கு, கல்பனா போன்ற நிறுவனங்களை அடுத்தடுத்து வாங்கியதும் ஒரு காரணம்.

விலை கூடினால் வேகம் கூடுமா?

கூடாது. பலரும் ஏமாறும் இடம் இதுதான்.

24 கிகாபிட் போர்ட், கூடவே ஃபைபர் கேபிளுக்கு 4 கிகாபிட் எஸ்எஃப்பி போர்ட் கொண்ட சுவிட்ச் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 28 போர்ட். ஒவ்வொன்றிலும் போக 1, வர 1 என 2 ஜிபிபிஎஸ். 28-ஐ 2-ஆல் பெருக்கினால் 56. இப்போது எந்த பிராண்டின் டேட்டா ஷீட்டையும் திறந்து பாருங்க. 'சுவிட்சிங் கெபாசிட்டி 56 ஜிபிபிஎஸ்' என்றே இருக்கும். விலை குறைந்ததிலும் 56, விலை கூடியதிலும் 56. அதாவது எல்லா போர்ட்டும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடினாலும் தாங்கும். அதற்கு மேல் தேவையில்லை. அந்த நாலு எஸ்எஃப்பி போர்ட் 10 கிகாபிட்டாக இருந்தால் கணக்கு 128 ஆகும். அதுவும் எல்லா பிராண்டுக்கும் பொதுதான்.

உள்ளே இருக்கும் சிப்பும் பெரும்பாலும் பிராட்காம், மார்வெல், ரியல்டெக் போன்ற சில நிறுவனங்களிடமிருந்தே வருகிறது. சிஸ்கோ தன் பெரிய மாடல்களுக்குச் சொந்தமாக சிப் வடிவமைக்கிறது. ஆனால் சின்ன ஆபீஸுக்கான வகையில் பல பிராண்டுகளின் உள்ளடக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். எனவே 'இந்த பிராண்ட் ஃபாஸ்ட்டா இருக்கும் சார்' என்று யாராவது சொன்னால், அந்த ஒரு காரணத்துக்காக கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

அப்படியென்றால் மூன்று மடங்கு விலை எதற்கு? அதைப் புரிந்துகொள்ள ஒரு மருத்துவமனைக் கதை உதவும்.

நான்கு நாள் பேப்பருக்குத் திரும்பிய மருத்துவமனை

2002 நவம்பர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனை. கம்ப்யூட்டர்மயத்தில் முன்னோடி என்று பெயர் எடுத்த இடம். திடீரென நெட்வொர்க் திணறியது. கொஞ்சம் சரியாகும், மறுபடி படுத்துவிடும். லேப் ரிப்போர்ட், மருந்துச் சீட்டு எல்லாம் நின்றன. கடைசியில் மருத்துவமனை கம்ப்யூட்டரை ஓரம் வைத்துவிட்டு பேப்பரிலும் ஆட்கள் ஓட்டத்திலும் இயங்கியது. ஒன்றல்ல, சுமார் நான்கு நாட்கள்.

காரணம் மட்டமான பிராண்ட் அல்ல. அங்கே இருந்தது சிஸ்கோதான். ஆண்டுக்கணக்கில் ஒரு சுவிட்சுக்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் மற்றொன்று என்று ஒட்டிக்கொண்டே போயிருந்தார்கள். தகவல் வட்டமடித்துக்கொண்டே இருக்காமல் தடுக்கும் 'ஸ்பானிங் ட்ரீ' என்ற ஏற்பாடு, இவ்வளவு நீளமான சங்கிலியைத் தாங்கும்படி அமையவில்லை. ஓர் ஆராய்ச்சியாளர் அனுப்பிய பெரிய அளவிலான டேட்டா அதன் மேல் விழுந்தபோது மொத்தமும் சரிந்தது.

இந்தக் கதையில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, விலை உயர்ந்த பிராண்ட் தவறான வடிவமைப்பைக் காப்பாற்றாது. இரண்டு, அன்று சிஸ்கோ தன் பொறியாளர்களையும் புதிய கருவிகளையும் அனுப்பி நெட்வொர்க்கைத் திரும்பக் கட்ட உதவியது. மூன்று மடங்கு விலையில் பெரும்பகுதி இதற்குத்தான். பெட்டிக்கு அல்ல, பெட்டி படுத்த அன்று யார் போனை எடுக்கிறார்கள் என்பதற்கு.

நம் ஊர் ஆபீஸில் இதே பிரச்சினை இன்னும் எளிதாக வரும். தொங்கிக்கொண்டிருக்கும் கேபிளைப் பார்த்து ஹவுஸ்கீப்பிங் ஊழியர் 'இது கழன்று கிடக்கு' என்று நினைத்து, அதன் மறுமுனையும் அதே சுவிட்சில் இருப்பது தெரியாமல் செருகிவிடுவார். அவ்வளவுதான். ஒரே தகவல் வட்டமாகச் சுற்றிப் பெருகி, சில விநாடிகளில் ஆபீஸ் முழுக்க நெட் போய்விடும். எல்லா லைட்டும் வெறித்தனமாக மின்னும். ஸ்பானிங் ட்ரீ உள்ள சுவிட்சாக இருந்தால் அந்த போர்ட்டை மட்டும் தானாக மூடிவிடும்.

அன்மேனேஜ்டு, ஸ்மார்ட், மேனேஜ்டு... என்ன வித்தியாசம்?

செருகினால் ஓடும், வேறு எந்த செட்டிங்கும் கிடையாது என்றால் அது அன்மேனேஜ்டு. இந்த ரகத்தில் பெரும்பாலும் ஸ்பானிங் ட்ரீயும் இருக்காது. வீட்டுக்கும், ஒரு டேபிளில் நாலு கம்ப்யூட்டருக்கும் போதும். பிரவுசரில் நுழைந்து செட்டிங் மாற்றலாம், தேவையான பாதுகாப்புகள் இருக்கும் என்றால் ஸ்மார்ட். எல்லாமே நம் கையில், ஆனால் அதை இயக்க படித்த ஆள் வேண்டும் என்றால் முழு மேனேஜ்டு.

பத்து பேருக்கு மேல் இருக்கும் ஆபீஸுக்குக் குறைந்தபட்சம் ஸ்மார்ட் ரகம் வாங்குவதே நல்லது. முக்கியக் காரணம் 'விலேன்'. ஒரே சுவிட்சை உள்ளுக்குள் மூன்று நான்கு தனித்தனி சுவிட்ச் போலப் பிரித்து வைக்கும் வசதி இது. கஸ்டமருக்குக் கொடுக்கும் வைஃபை ஒரு பிரிவு, கேமரா ஒரு பிரிவு, பில்லிங் ஒரு பிரிவு. இது இல்லையென்றால் காத்திருப்பு அறையில் வைஃபை பாஸ்வேர்டு வாங்கியவர், கொஞ்சம் விவரம் தெரிந்தவராக இருந்தால், உங்கள் பில்லிங் கம்ப்யூட்டர் வரை தட்டிப் பார்க்க முடியும்.

ராத்திரி மட்டும் கேமரா ஆஃப் ஆகிறதா? பி.ஓ.இ கணக்கைப் பாருங்க

பிராண்டைவிடப் பெரிய தவறு நடப்பது இங்கேதான். 'பி.ஓ.இ' என்பது நெட்வொர்க் கேபிள் வழியாகவே கரண்டும் கொடுப்பது. கேமராவுக்கும் வைஃபை பெட்டிக்கும் தனி பிளக் பாயின்ட் வேண்டாம். 2003-ல் வந்த 802.3ஏஎஃப் தரம் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் கொடுக்கும். கேபிளில் இழப்பு போக கருவிக்கு 12.95 வாட் உறுதி. 2009-ல் வந்த 'பி.ஓ.இ பிளஸ்' 30 வாட். 2018-ல் வந்த புதிய தரம் 90 வாட் வரை.

ஆனால் போர்ட்டுக்கு 30 வாட் என்றால் 24 போர்ட்டுக்கும் சேர்த்து 720 வாட் கிடைக்கும் என்று நினைக்கக் கூடாது. சுவிட்சுக்கு ஒரு மொத்த பட்ஜெட் உண்டு. ஒரே பிராண்டில், ஒரே தோற்றத்தில், மாடல் நம்பரில் ஓர் எழுத்து மட்டும் மாறி, ஒன்றுக்கு 195 வாட்டும் இன்னொன்றுக்கு 370 வாட்டுக்குப் பக்கமாகவும் இருக்கும். கொட்டேஷனில் விலை குறைந்ததற்குக் காரணமே அந்த ஓர் எழுத்தாக இருக்கலாம்.

ஒரு கணக்கு போடுவோம். 16 கேமரா, 4 வைஃபை பெட்டி. பகலில் கேமரா ஒன்று 6 வாட் எடுக்கிறது என்றால் 96. வைஃபை பெட்டி ஒன்றுக்கு 12 என்றால் 48. மொத்தம் 144 வாட். 195 வாட் சுவிட்ச் தாராளமாகத் தாங்கும். இன்ஸ்டால் செய்தவர் பகலில் டெஸ்ட் பண்ணி, கையெழுத்து வாங்கிவிட்டுப் போய்விடுவார். இருட்டியதும் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரிய ஆரம்பிக்கும். இப்போது ஒரு கேமரா 12 வாட் எடுத்தால் 192. வைஃபையின் 48-ஐச் சேர்த்தால் 240. பட்ஜெட்டைத் தாண்டியாச்சு. சுவிட்ச் என்ன செய்யும்? முன்னுரிமை குறைந்த போர்ட்டுகளின் கரண்டை நிறுத்தும். திருடன் வரும் நேரத்தில் பின்வாசல் கேமரா இருக்காது.

இதற்குச் சிலர் கேமராவை மாற்றுவார்கள், என்விஆரை மாற்றுவார்கள். சுவிட்சை யாரும் சந்தேகப்படுவதில்லை. எனவே கருவிகளின் அதிகபட்ச வாட்டைக் கூட்டி, அதற்கு மேல் நாலில் ஒரு பங்காவது கூடுதல் பட்ஜெட் உள்ள மாடலை வாங்குங்கள்.

இன்னொன்று, கேபிள். சுத்தச் செம்புக்குப் பதில் அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய 'சிசிஏ' கேபிள் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. மின்தடை அதிகம் என்பதால் பி.ஓ.இ-க்கு ஆகாது, நீளம் கூடினால் கேமரா வரை போதிய கரண்ட் போகாது, கேபிளும் சூடாகும். நல்ல சுவிட்ச் வாங்கிவிட்டு இதில் மிச்சம் பிடித்தால் பிராண்ட் பேசி என்ன பயன்?

சரி, பிராண்டுக்கு வருவோம்

முதலில் சிஸ்கோ. 'சிஸ்கோ கொடுங்க' என்று கேட்பது, 'கார் கொடுங்க' என்று கேட்பது மாதிரி. அந்தப் பெயரில் மூன்று தனித்தனி உலகம் இருக்கிறது. காட்டலிஸ்ட் 1200, 1300 என்பவை சின்ன ஆபீஸுக்கானவை. கட்டாயச் சந்தா கிடையாது, பிரவுசரிலேயே செட் பண்ணலாம். காட்டலிஸ்ட் 9200, 9300 பெரிய நிறுவனங்களுக்கானவை. பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே ஓடும் சாஃப்ட்வேர் வேறு. இவற்றை முழுமையாகப் பயன்படுத்த சிஸ்கோ படிப்பு படித்த ஆள் வேண்டும், வாங்கும்போது சந்தாவும் சேர்ந்து வரும். மூன்றாவது மெராக்கி. 2012-ல் 120 கோடி டாலருக்கு சிஸ்கோ வாங்கிய இந்த நிறுவனத்தின் சுவிட்சுகள் முழுக்க கிளவுட் வழியாக இயங்குபவை. டீலர் 1300-ஐச் சொல்கிறாரா, 9200-ஐச் சொல்கிறாரா என்று கேளுங்கள். விலை பாதாளத்துக்கும் மலைக்குமாக இருக்கும்.

சிஸ்கோவின் பெரிய பலம் ஆட்கள். அதன் சான்றிதழ் படித்த இளைஞர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். உங்கள் ஐடி ஆள் வேலையை விட்டுப் போனாலும் இன்னொருவர் வந்து பார்த்துக்கொள்வார். நமக்கு நெருக்கமான தகவல் ஒன்று, 2024 செப்டம்பரில் சிஸ்கோ தன் இந்தியத் தயாரிப்பை ஃபிளெக்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து சென்னையில் தொடங்கியது. முதலில் அங்கே தயாரானவை டெலிகாம் நிறுவனங்களுக்கான ரவுட்டர்கள். எனவே 'சென்னையிலேயே தயாராகுது, விலை குறையும்' என்று காத்திருக்க வேண்டாம்.

அடுத்து ஹெச்பிஇ அருபா. பழைய ஆட்கள் 'புரோகர்வ்' என்று சொல்வார்களே, அதன் வாரிசு. வைஃபையில் பெயர் பெற்ற அருபாவை 2015-ல் வாங்கிய பிறகு இந்தப் பெயர் வந்தது. இதிலும் இரண்டு அடுக்கு. 'இன்ஸ்டன்ட் ஆன்' சின்ன ஆபீஸுக்கு, 'சிஎக்ஸ்' பெரிய இடத்துக்கு. இன்ஸ்டன்ட் ஆனை மொபைல் ஆப்பிலேயே நிர்வகிக்கலாம், கிளவுடுக்கு மாதச் சந்தா இல்லை. ஐடி ஆள் இல்லாத, ஆனால் நம்பகமான பொருள் வேண்டும் என்கிற முதலாளிக்கு இதுவும் சிஸ்கோ 1200-ம்தான் நேரடிப் போட்டியாளர்கள். இரண்டில் உங்கள் ஊரில் எதற்கு நல்ல டீலர் இருக்கிறாரோ அதை எடுக்கலாம்.

ஜூனிப்பர் இனி தனி நிறுவனம் இல்லை. அமெரிக்க அரசு வழக்கு போட்டுத் தடுக்கப் பார்த்து, பிறகு சமரசமாகி, 2025 ஜூலையில் சுமார் 1,400 கோடி டாலருக்கு ஹெச்பிஇ கைக்குப் போனது. ஒரே வீட்டில் இப்போது இரண்டு சுவிட்ச் குடும்பம். ஜூனிப்பர் மாடல் கொட்டேஷன் வந்தால், இந்த வரிசை எத்தனை ஆண்டு தொடரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். ஜெயஸ்ரீ உல்லால் தலைமையிலான அரிஸ்டாவும் பெரிய பெயர்தான். ஆனால் அதன் கோட்டை டேட்டா சென்டர்கள். நம் இருபது பேர் ஆபீஸுக்கு அது தேவையில்லை.

விலை இறங்கினால் வருவது யுபிக்விட்டியின் யூனிஃபை. ஆப்பிள் நிறுவனத்தில் வேலை பார்த்த ராபர்ட் பெரா தொடங்கியது. சுவிட்ச், வைஃபை, கேமரா எல்லாம் ஒரே திரையில் தெரியும். பார்க்கவே அழகாக இருக்கும், லைசென்ஸ் கட்டணம் கிடையாது. ஆனால் பழுதானால் உங்கள் அனுபவம் டீலரைப் பொறுத்தது. மாற்றுப் பெட்டி மறுநாளே வந்து சேரும் ஒப்பந்தத்தை எதிர்பார்த்து வாங்கும் பிராண்ட் இது அல்ல. பெட்டியில் ஒன்றை எக்ஸ்ட்ராவாக வாங்கி வைத்துக்கொள்ளும் ஆட்களுக்கு ஏற்றது.

டிபி-லிங்க்கின் 'ஒமாடா' வரிசையும் ஏறக்குறைய இதே பாணி, இன்னும் மலிவு. நிர்வாக சாஃப்ட்வேரை உங்கள் கம்ப்யூட்டரிலேயே இலவசமாக ஓட்டலாம். டிபி-லிங்க் என்று கேட்டால் கடைக்காரர் வீட்டுக்கான 'லைட்வேவ்' பெட்டியையும் எடுத்துத் தருவார், மாடலைப் பார்த்து வாங்குங்கள். தைவானின் டி-லிங்க் நம் ஊரில் பழைய முகம். அதன் இந்தியப் பிரிவு இங்குள்ள பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம். சின்ன ஊர் கடையிலும் பொருள் கிடைக்கும் என்பது சாதாரண விஷயம் அல்ல. நெட்கியரும் இதே தளத்தில் இருக்கிறது. லாட்வியாவின் மைக்ரோடிக் கொடுக்கும் காசுக்கு அள்ளித் தரும், ஆனால் அதன் செட்டிங் பக்கத்தைத் திறந்தால் விமானத்தின் காக்பிட் மாதிரி இருக்கும். கேபிள் இன்டர்நெட் நடத்துபவர்களுக்குப் பிடித்தது, ஆடிட்டர் ஆபீஸுக்கு வேண்டாம்.

லைசென்ஸ் முடிந்தால் சுவிட்ச் ஓடுமா?

டீலரிடம் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி இது. ஒவ்வொரு பிராண்டுக்கும் பதில் வேறு. காட்டலிஸ்ட் 9200 போன்றவற்றில் சந்தா முடிந்தால் கூடுதல் வசதிகள் போகும், அடிப்படை லைசென்ஸ் நிரந்தரம் என்பதால் சுவிட்ச் ஓடிக்கொண்டிருக்கும். மெராக்கியின் வழக்கமான லைசென்ஸ் முறையில் அப்படி இல்லை. காலம் முடிந்து 30 நாள் சலுகையும் தாண்டினால் கருவி வேலை செய்வதே நிற்கும். அதாவது பெட்டியை நீங்கள் காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் அது வாடகை வீடு மாதிரிதான். பல ஊர்களில் 30 கிளை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு, ஒரே இடத்திலிருந்து எல்லாவற்றையும் பார்க்க முடியும் என்பதால் அந்த வாடகை நியாயமாகப் படலாம். ஒரே கிளை வைத்திருப்பவர் மூன்றாவது ஆண்டில் ரினியூவல் பில்லைப் பார்த்து அதிர்ச்சி அடைவார்.

அதனால் பெட்டி விலையை மட்டும் ஒப்பிடாமல் ஐந்து ஆண்டுக் கணக்கு போடுங்கள். பெட்டி, சந்தா, ஏஎம்சி, கூடவே கரண்ட். 24 மணி நேரமும் ஓடும் பொருள் இது.

'லைஃப்டைம் வாரண்டி' என்றால் யாருடைய லைஃப்?

உங்கள் ஆயுள் அல்ல, அந்த மாடலின் ஆயுள். சிஸ்கோ, ஹெச்பிஇ-யின் பல மாடல்களில் 'லிமிடெட் லைஃப்டைம்' என்று இருக்கும். 'லிமிடெட்' என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. முதலில் வாங்கியவருக்கு மட்டும் செல்லும், கை மாறினால் செல்லாது என்பது வழக்கமான நிபந்தனை. சிஸ்கோவின் இந்த வகை வாரண்டியில், தயாரிப்பு நிறுத்தம் அறிவித்த பிறகு ஐந்து ஆண்டு வரைதான் என்ற வரம்பும் உண்டு. ஃபேனுக்கும் பவர் சப்ளைக்கும் தனி வரம்பு. நம் ஊர் மின்னலிலும் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்திலும் முதலில் போவது பவர் சப்ளைதான் என்பதால் இந்த வரியை விட்டுவிடாதீங்க.

எத்தனை ஆண்டு என்பதைவிட, மாற்றுப் பெட்டி முதலில் வருமா, அல்லது பழையதை அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டுமா என்பது பெரிய கேள்வி. பத்து நாள் காத்திருக்க முடியாத தொழில் என்றால் அதற்கான சர்வீஸ் ஒப்பந்தத்தைத் தனியாக வாங்குவது நல்லது. இல்லையென்றால் ஒரு மலிவான ஸ்பேர் சுவிட்ச் அலமாரியில் இருக்கட்டும்.

போலி சிஸ்கோ: ராணுவத்தையே ஏமாற்றிய பெட்டிகள்

பெயருக்கு மதிப்பு இருந்தால் போலியும் வரும். 2020-ல் ஃபின்லாந்தின் எஃப்-செக்யூர் நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரு நிறுவனத்தில் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டதும் சில காட்டலிஸ்ட் 2960-எக்ஸ் சுவிட்சுகள் படுத்துவிட்டன. பிரித்துப் பார்த்தால் அவை போலி. அதுவரை அசல் போலவே ஓடிக்கொண்டிருந்தன. அசலா என்று சோதிக்கும் ஏற்பாட்டையே ஏமாற்றும் வகையில் தயாரித்திருந்தார்கள்.

இதைவிடப் பெரியது அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு. சீனாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் பழைய, தரம் குறைந்த கருவிகளை வாங்கி, புது சிஸ்கோ போல மாற்றி, ஆண்டுக்கணக்கில் இணையத்தில் விற்ற ஒருவருக்கு 2024 மே மாதம் ஆறரை ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அவர் விற்ற பொருட்கள் மருத்துவமனைகள், பள்ளிகள், ஏன் அமெரிக்க ராணுவம் வரை போய்ச் சேர்ந்திருந்தன.

அங்கேயே அப்படி என்றால் நாம் செய்ய வேண்டியது என்ன? அதிகாரப்பூர்வ பார்ட்னரிடம் வாங்குங்கள். பில்லில் சீரியல் நம்பர் இருக்கட்டும், அதை நிறுவனத்தின் வாரண்டி பக்கத்தில் போட்டுப் பாருங்கள். 'பில் இல்லாம குறைச்சுத் தர்றேன்' என்பவரிடம் வாங்கினால் 18 சதவீத ஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்கும் உள்ளீட்டு வரி வரவும் போச்சு, வாரண்டியும் போச்சு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அது மலிவே இல்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் ரீஃபர்பிஷ்டு காட்டலிஸ்ட் படிக்கும் பிள்ளைகள் பயிற்சி செய்ய அருமையான பொருள். ஆபீஸில் மாட்ட வேண்டாம். காரணம் அடுத்து வருகிறது.

அப்டேட் நின்ற சுவிட்ச்

2018 ஏப்ரல் 6. ஈரானிலும் ரஷ்யாவிலும் பல சிஸ்கோ சுவிட்சுகளின் செட்டிங் அழிந்து, 'எங்கள் தேர்தலில் தலையிடாதே' என்ற பொருளில் ஒரு வாசகமும் அமெரிக்கக் கொடியும் வந்தன. ஈரானில் மட்டும் 3,500 சுவிட்சுகள் பாதிக்கப்பட்டதாக அந்நாட்டு அரசு சொன்னது. பலரும் பயன்படுத்தாத, ஆனால் தானாகவே ஆன் நிலையில் இருக்கும் 'ஸ்மார்ட் இன்ஸ்டால்' என்ற வசதி வழியாகப் புகுந்திருந்தார்கள். அதில் இருந்த ஓட்டை ஒன்றை அடைக்கும் அப்டேட்டை சிஸ்கோ வெளியிட்டது மார்ச் 28-ல், அதாவது ஒன்பது நாளைக்கு முன்பு.

எந்த பிராண்டாக இருந்தாலும் ஓட்டை வரும். எத்தனை நாளில் அடைக்கிறார்கள், எத்தனை ஆண்டு வரை அடைப்பார்கள் என்பதில்தான் வித்தியாசம். பெரிய பிராண்டுகள் மாடல் வாரியாகக் கடைசித் தேதியை இணையத்தில் வெளியிடுகின்றன. வாங்கப்போகும் மாடலின் பெயரோடு 'எண்ட் ஆஃப் லைஃப்' என்று தேடிப் பாருங்கள். ஸ்டாக் காலி செய்ய பழைய மாடலைத் தள்ளுபடியில் தள்ளிவிடும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு.

சீன பிராண்டுகள் பற்றியும் கேள்வி வரும். வாவேயை அமெரிக்கா 2019-ல் வர்த்தகத் தடைப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் 2021 ஜூன் முதல் டெலிகாம் நிறுவனங்கள் நம்பகமான மூலங்களிலிருந்து மட்டுமே கருவி வாங்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. அது டெலிகாம் நிறுவனங்களுக்கானது, உங்கள் கடைக்கு அல்ல. ஆனால் நீங்கள் அரசு டெண்டரிலோ வெளிநாட்டு வாடிக்கையாளரிடமோ வேலை எடுப்பவர் என்றால், அவர்களின் ஒப்பந்தத்தில் எந்த பிராண்ட் கூடாது என்று இருக்கிறதா என வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

யாருக்கு எது?

பத்து பேருக்குள், கேமரா குறைவு, ஒருநாள் நின்றாலும் சமாளிக்கலாம் என்றால் டி-லிங்க் அல்லது ஒமாடாவின் ஸ்மார்ட் சுவிட்ச் போதும். மிச்சப் பணத்தில் நல்ல கேபிளும் யுபிஎஸ்ஸும் வாங்குங்கள். இருபது முதல் ஐம்பது பேர், ஐடி ஆள் வாரம் ஒருமுறைதான் வருவார் என்றால் இன்ஸ்டன்ட் ஆன் அல்லது காட்டலிஸ்ட் 1200, 1300. யூனிஃபை தெரிந்த ஆள் பக்கத்திலேயே இருந்தால் அதுவும் சரி. 24 மணி நேர மருத்துவமனை, ஷிப்ட் ஓடும் ஆலை என்றால் அருபா சிஎக்ஸ் அல்லது காட்டலிஸ்ட் 9200-ஐ சர்வீஸ் ஒப்பந்தத்தோடு வாங்க வேண்டும். ஒப்பந்தம் இல்லாமல் 9200 மட்டும் வாங்குவது, டிரைவர் இல்லாமல் பஸ் வாங்குவது மாதிரி.

எந்த மாடலாக இருந்தாலும் டேட்டா ஷீட்டில் 'ஆபரேட்டிங் டெம்பரேச்சர்' 40 டிகிரியா 50 டிகிரியா என்று பாருங்கள். ஏசி இல்லாத பரண் மேலும், ஃபால்ஸ் சீலிங்குக்குள்ளும் சுவிட்சை வைக்கும் ஊர் நம்முடையது. மே மாதத்தில் அங்கே 40 டிகிரி என்பது சர்வசாதாரணம்.

மாட்டும் நாளில் டீலர் கிளம்பும் முன் நாலு வேலை இருக்கிறது. வரும்போதே இருக்கும் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லுங்கள், புது பாஸ்வேர்டு டீலரிடம் மட்டுமல்ல, உங்களிடமும் இருக்க வேண்டும். செட்டிங் முழுவதையும் ஒரு ஃபைலாக பேக்கப் எடுத்து மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த போர்ட் எந்த அறைக்குப் போகிறது என்று லேபிள் ஒட்டி, மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, இருட்டும்வரை அவரை உட்கார வைத்து ஒரு டீ கொடுங்கள். எல்லா கேமராவும் இரவிலும் தெரிகிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்து போடலாம்.